பல்கலைக்கழக நூலகச் செய்திமடல் நடத்துவது எப்படி: வன்னி நூலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் சற்று நின்று வாசித்துப் பாருங்கள். மங்கள விளக்கேற்றும் படம் இருக்கும். பொன்னாடை போர்த்தும் படம் இருக்கும். வரும் சனிக்கிழமை நூலகம் திறந்திருக்குமா என்ற தகவலைத்தான் தேட வேண்டியிருக்கும். வாசகர் எதையாவது செய்வதற்கோ திட்டமிடுவதற்கோ உதவுவதுதான் நூலகச் செய்தி. மற்றவற்றுக்கு ஆண்டறிக்கை இருக்கிறது. இந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்பவர்களுக்கு மட்டுமே கீழே உள்ளவை பயன்படும்.

வன்னியில் இது இன்னும் கூர்மையான தேவை. 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கி, 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா பல்கலைக்கழகம், மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. இரண்டும் நகரத்தை விட்டு விலகிய இடங்கள். செட்டிகுளத்திலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ பஸ் ஏறி வந்த மாணவி மூடிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அவருக்கு அரை நாளும் பஸ் காசும் போய்விடும். முதல் நாள் மாலையில் ஒரு வரி அனுப்பியிருந்தால் அது நேர்ந்திருக்காது.

இந்த வழிகாட்டி நூலக உதவியாளர்களுக்காகவும், அவர்களுக்குத் துணைநிற்கும் மாணவர் வாசிப்பு வட்டங்களுக்காகவும் எழுதப்பட்டது. பணம் அதிகம் வேண்டாம். ஒரு கணினி, ஓர் அச்சுப்பொறி, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இருவர் போதும்.

முதற்படி: கருமபீடத்தில் ஒரு கொப்பி வையுங்கள்

செய்திமடலுக்குப் பெயர் சூட்டுவதற்கும் இலச்சினை வரைவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இரவல் கருமபீடத்தில் ஒரு சாதாரணக் கொப்பியை வைத்து, இரண்டு வாரங்களுக்கு வாசகர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டபடியே எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம், கேள்வி மட்டும் போதும். "போன வருட வினாத்தாள் எங்கே?" "நூலைத் தொலைபேசியில் புதுப்பிக்கலாமா?" "மேல் மாடியில் வைஃபை ஏன் வருவதில்லை?" "போயா தினத்துக்கு மறுநாள் திறப்பீர்களா?"

திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு செய்தி. நூலகம் சொல்ல விரும்பியதற்கும் வாசகர் அறிய விரும்பியதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்தக் கொப்பி காட்டிவிடும். ஆசிரியர் குழுக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுவதைவிட அதைப் புரட்டுவது பயனுள்ளது.

இரண்டாம் படி: செய்தி எங்கே பிறக்கிறது என்று அறியுங்கள்

நூலகத்துக்குள் செய்தி ஐந்தாறு மேசைகளில் பிறக்கிறது. கொள்வனவுப் பகுதி, நூற்பட்டியலாக்கப் பகுதி, இரவல் பகுதி, பருவ இதழ்ப் பகுதி, மின்வளங்களைக் கவனிப்பவர், கட்டடப் பராமரிப்புக்குக் கடிதம் எழுதுபவர். வியாழன் மாலை ஒவ்வொரு மேசைக்கும் நேரில் போய் "இந்த வாரம் என்ன மாறியது?" என்று கேளுங்கள். படிவம் அனுப்பினால் வெறுமையாகத் திரும்பி வரும். நேரில் கேட்டால் "ஒன்றுமில்லை" என்று தொடங்கி, தேநீர் முடிவதற்குள் மூன்று செய்திகளைச் சொல்லிவிடுவார்கள்.

கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகம் என்றால் வேலை பாதியாகக் குறையும். அதன் அறிக்கைப் பகுதியில், சேர்க்கப்பட்ட திகதியைக் கொண்டு கடந்த முப்பது நாட்களில் பதிவான நூல்களின் பட்டியலை எடுக்கலாம். ஒரு தடவை அறிக்கையை எழுதிச் சேமித்துவிட்டால் பிறகு ஒரு சொடுக்குத்தான்.

ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே வெளியிடாதீர்கள். கணினியில் பதிவான நூல் இன்னும் முத்திரை குத்தப்படாமலோ முதுகில் பகுப்பு இலக்கம் ஒட்டப்படாமலோ மேசையில் கிடக்கலாம். பட்டியலை அச்சிட்டுக்கொண்டு இறாக்கைக்குப் போங்கள். நூலைக் கண்ணால் கண்ட பிறகே அதற்கு நேரே சரி அடையாளம் போடுங்கள். இல்லாத நூலைப் புதுவரவு என்று அறிவிக்கும் நூலகத்தை வாசகர்கள் அடுத்த மாதம் நம்பமாட்டார்கள்.

மூன்றாம் படி: அவசரத்தைப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் மாத மடலுக்குச் சேர்த்து வைப்பது வழக்கமான கோளாறு. நேர மாற்றம், மூடல், மின்தடை, இணையத் தரவுத்தளம் இயங்காமை ஆகியவை அன்றைக்கே போக வேண்டியவை. புதிய நூல்கள், பயிற்சிப் பட்டறைகள், சோதனை அணுகலில் (சந்தா கட்டும் முன் பயன்படுத்திப் பார்க்க) கிடைத்த தரவுத்தளங்கள் வாரச் செய்தி. நூல் அறிமுகம், உள்ளூர் ஆவணங்கள், நன்கொடை விவரம் மாத மடலுக்கு உரியவை. சோதனை அணுகலைப் பற்றி ஒரு சொல்: அது பெரும்பாலும் சில வாரங்களே கிடைக்கும். மாத மடலில் அதைப் படிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

நான்காம் படி: எழுதுதல்

இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். நம் அறிவித்தல்களின் மொழி அரசாங்கக் கச்சேரிக் கடிதத்திலிருந்து வந்தது. மாதிரிக்கு ஒன்றைப் பாருங்கள்:

"எமது நூலகத்தின் ஏற்பாட்டில் மாணவர்களின் நன்மை கருதி நூலக நேரம் நீடிக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம். மாணவர்கள் இவ்வரிய சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

எத்தனை மணி வரை? எந்த நாள் முதல்? நூல் இரவல் கிடைக்குமா, இருந்து வாசிக்க மட்டுமா? ஒன்றுமில்லை. மகிழ்ச்சி மட்டும் இருக்கிறது. இதையே இப்படி எழுதலாம்:

"பரீட்சைக் கால நேர மாற்றம். நவம்பர் 10 திங்கள் முதல் நவம்பர் 28 வெள்ளி வரை, வார நாட்களில் வாசிப்பு மண்டபம் இரவு 8.00 மணி வரை திறந்திருக்கும். நூல் இரவல் வழக்கம்போல் மாலை 4.30 மணியுடன் முடியும். மாலை 6.00 மணிக்குப் பின் வருபவர்கள் மாணவர் அடையாள அட்டையைக் காவலரிடம் காட்ட வேண்டும்."

இரண்டாவது அறிவித்தலில் ஒரு வாசகர் கேட்கக்கூடிய நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. தலைப்பிலேயே விஷயம் தெரிகிறது.

மூன்று சொற்களைத் தடைசெய்யுங்கள். முதலாவது, "நாளை". வட்ஸ்அப்பில் அந்தச் செய்தி மறுநாளும் அதற்கு மறுநாளும் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவருக்கும் நாளை வேறு. திகதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டாவது, "மறு அறிவித்தல் வரை". அதற்குப் பதிலாக அடுத்த தகவல் எப்போது வரும் என்று சொல்லுங்கள்: "திருத்த வேலை முடியும் நாள் இன்னும் உறுதியாகவில்லை, வெள்ளி மாலை 3 மணிக்கு நிலைமையை அறிவிப்போம்." மூன்றாவது, "சிறப்பாக நடைபெற்றது". சிறப்பாக நடக்காத விழா எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா?

புதிய நூல்களுக்கு வருவோம். அட்டைப் படங்களை வரிசையாக அடுக்கிப் போடுவது கண்ணுக்கு அழகு. மாணவருக்குத் தேவை வேறு: பகுப்பு இலக்கம், எந்த மாடி, எத்தனை பிரதிகள், இரவல் கிடைக்குமா அல்லது உசாத்துணை மட்டுமா, எந்தப் பாடத்துக்கு உதவும். அறிவியல் நகர் விவசாய மாணவர் ஒருவருக்கு டூயி பகுப்பு முறையில் மண்ணியல் 631.4, நெல் 633.18 என்று இலக்கத்தோடு சொன்னால் அவர் நேரே அந்த இறாக்கைக்குப் போவார்; போன இடத்தில் பக்கத்து நூலையும் புரட்டுவார். பொறியியல் மாணவருக்கு அத்திவாரப் பொறியியல் 624.15. பம்பைமடுவில் வியாபாரக் கற்கைகள் படிப்பவருக்கு 658. ஒரு நூலுக்கு ஒரு வரி விளக்கம் போதும். பின்னட்டையில் இருக்கும் புகழுரையைப் பெயர்த்து எழுதுவதைவிட, "மூன்றாம் அத்தியாயத்தில் குளத்து நீர்ப்பாசனக் கணக்குகள் விடையோடு இருக்கின்றன" என்று எழுதுவது மேல். அதற்கு நூலைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: மூன்று மொழிகள்

கற்பித்தல் ஆங்கிலத்தில் நடக்கிறது. மாணவர்களிலோ தமிழ் பேசுபவர்களும் சிங்களம் பேசுபவர்களும் இருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவருக்கும் முல்லைத்தீவு வலைஞர்மடத்திலிருந்து வருபவருக்கும் நூலகம் பொது. ஆகவே அன்றாட அறிவித்தல் மூன்று மொழியிலும் இருக்கட்டும். மாத மடலை முழுவதும் மும்மொழியில் போட முயன்றால் இரண்டாவது இதழோடு மூச்சு வாங்கும். தலைப்பும் திகதியும் நேரமும் மும்மொழியில், கட்டுரைகள் எழுதப்பட்ட மொழியில் என்று வைத்துக்கொண்டால் நீடிக்கும்.

எண்களையும் நேரங்களையும் மூன்று மொழியிலும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒருவரின் தனிப் பொறுப்பாக இருக்கட்டும். தமிழில் 4.30 என்றும் சிங்களத்தில் 4.00 என்றும் போனால் அது எழுத்துப் பிழையாகப் பார்க்கப்படாது; வேண்டுமென்றே செய்ததாகப் பேசப்படும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல் சிங்களம் தாய்மொழியான மாணவர் ஒருவரிடம் காட்டி வாங்குங்கள். அவர் பெயரையும் மடலில் போடுங்கள், அவர் விரும்பினால்.

எழுத்துரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய அறிவித்தலை அச்சிட்டு ஒட்டலாம். அதையே பிரதிசெய்து வட்ஸ்அப்பில் இட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் போய்ச் சேரும். அதனால்தான் பலர் அச்சிட்ட தாளைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஆரம்பத்திலிருந்தே யூனிகோடில் தட்டினால் அச்சு, மின்னஞ்சல், வட்ஸ்அப், இணையம் எல்லாவற்றுக்கும் ஒரே பிரதி போதும். பின்னாளில் தேடவும் முடியும்.

ஆறாம் படி: எங்கே வெளியிடுவது

கதவு முதலில். எவ்வளவு மின்வழிகள் வந்தாலும் நூலகக் கதவில் ஒட்டிய தாள்தான் இறுதி ஆதாரம். பெரிய எழுத்தில், கண் மட்டத்தில், ஒரு நேரத்தில் மூன்று தாளுக்கு மேல் வேண்டாம். காலம் கடந்ததைக் கிழித்தெடுக்கும் பொறுப்பைக் காலையில் கதவு திறப்பவரிடம் கொடுங்கள்.

கோஹாவில் செய்திக் கருவி ஒன்று இருக்கிறது. நூற்பட்டியலின் முகப்பில் அறிவித்தல் போடலாம், வெளியாகும் திகதியும் காலாவதித் திகதியும் கொடுக்கலாம், மொழிவாரியாகவும் பிரிக்கலாம். காலாவதித் திகதியை வெறுமையாக விடாதீர்கள். போன ஆண்டின் வாசிப்பு மாத வாழ்த்து இந்த ஆண்டு முகப்பில் நின்று புன்னகைப்பது அப்படித்தான்.

வட்ஸ்அப்பில் நிர்வாகிகள் மட்டும் அனுப்பக்கூடிய குழுவாக அமையுங்கள். எல்லோரும் பேசும் குழுவில் நேர மாற்றம் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். செய்தியை எழுத்தாக அனுப்புங்கள். படம் துணைக்கு மட்டும். படமாக மட்டும் அனுப்பினால் டேட்டா தீரும், தேட முடியாது, திரைவாசிப்பான் மென்பொருளைக் கொண்டு கேட்கும் பார்வையற்ற மாணவருக்கு எதுவும் போய்ச் சேராது.

விடுதிப் பலகையையும் சிற்றுண்டிச்சாலைச் சுவரையும் மறக்க வேண்டாம். நூலகத்துக்கு வராதவர்களைப் பிடிக்கக்கூடிய இடங்கள் அவைதான்.

ஏழாம் படி: ஆண்டு நாட்காட்டி

உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23. யுனெஸ்கோ 1995இல் அறிவித்தது. உலகம் முழுவதும் கொண்டாடட்டும்; நமக்கு அது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருகிறது. வளாகம் வெறிச்சோடிய நாளில் விழா வைத்து, உத்தியோகத்தர்களே உத்தியோகத்தர்களுக்குக் கைதட்டுவதைவிட மே மாத முதல் வாரத்துக்குத் தள்ளிவைப்பதில் குற்றமில்லை. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். ஆய்வுகள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தும் திறந்த அணுகல் வாரமும் அதே மாதக் கடைசிப் பகுதியில் வரும். மழையும் அப்போதுதான் வலுக்கத் தொடங்கும். முற்றத்தில் பந்தல் போட்டுப் புத்தகக் கண்காட்சி என்று அறிவிக்கும் முன் கூரையுள்ள மாற்றிடத்தையும் அதே அறிவித்தலில் சொல்லுங்கள்.

இவற்றோடு நம் பகுதிக்குரிய நாட்களையும் குறித்துவையுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முல்லைத்தீவு மாணவர்கள் ஊருக்குப் போவார்கள். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டி மன்னார் வீதிப் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நாட்களில் நூல் திருப்பும் தவணை முடிந்தால் தண்டப் பணம் குறித்த சச்சரவு கருமபீடத்தில் நிச்சயம். இரண்டு நாள் முன்னதாக ஒரு நினைவூட்டல் போடுங்கள். முடிந்தால் தவணைத் திகதியையே மாற்றச் சொல்லி நூலகரிடம் பேசுங்கள்.

பயிற்சிப் பட்டறை அறிவித்தலில் அதிதிகளின் பெயர்ப் பட்டியலைக் கீழே தள்ளி, யார் வர வேண்டும் என்பதை மேலே போடுங்கள். "இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுதுபவர்களுக்கு: ஸொட்டெரோ மூலம் உசாத்துணைப் பட்டியல் தயாரித்தல். மடிக்கணினியில் மென்பொருளை முன்பே நிறுவிக்கொண்டு வாருங்கள். விளக்கம் ஆங்கிலத்தில், சந்தேகங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்கலாம். 25 ஆசனங்கள்." பட்டறை முடிந்த பின் வரும் செய்தியில் குழுப் படம் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு கையேடு எங்கே கிடைக்கும், வரமுடியாதவர்களுக்கு அடுத்த பட்டறை எப்போது என்பதும் இருக்க வேண்டும்.

எட்டாம் படி: வன்னிப் பக்கம்

மடலின் உயிர் இங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வேறெந்தப் பல்கலைக்கழக நூலகமும் நமக்காக இதைச் செய்யாது. பிரித்தானிய ஆட்சிக்கால நிர்வாக அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டை ஆய்வாளர்கள் இன்றும் தேடி எடுக்கிறார்கள். அதற்குப் பிந்திய நூறு ஆண்டுகளின் ஆவணங்களில் எவ்வளவோ இடப்பெயர்வுகளில் வழியெங்கும் சிதறின. மிஞ்சியவை பல்கலைக்கழகத்தில் இல்லை. வீடுகளில், கோயில் அறைகளில், கூட்டுறவுச் சங்க அலுமாரிகளில் இருக்கின்றன.

ஒவ்வொரு மடலிலும் ஓர் ஆவணத்தை அறிமுகப்படுத்துங்கள். பாடசாலை விழா மலர், கும்பாபிஷேக மலர், கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பு, பழைய நீர்ப்பாசன வரைபடம், 31ஆம் நாள் நினைவு மலர். கடைசியாகச் சொன்னதைச் சிலர் ஏளனமாகப் பார்க்கலாம். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கறையான் அரித்த ஓரம், துருப்பிடித்த கம்பி, நடுப்பக்கத்தில் வம்சாவளி, அதில் இன்று வரைபடத்தில் காண முடியாத குடியிருப்பு ஒன்றின் பெயர். சமூகவியல் மாணவர் ஒருவருக்கு அது முதல்தர மூலம்.

அறிமுகத்தின் கீழே ஒரு வேண்டுகோள்: "இதுபோன்றவை உங்கள் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள், மின்வருடிவிட்டுத் திருப்பித் தருவோம்." இப்படி எழுதிவிட்டால் சில கடமைகள் வருகின்றன.

வாங்கும்போதே பற்றுச்சீட்டு கொடுங்கள். தலைப்பு, பக்க எண்ணிக்கை, நிலைமை, திருப்பித் தரும் திகதி நான்கும் அதில் இருக்கட்டும். அனுமதியை மூன்று விதமாகக் கேளுங்கள்: நூலகத்துக்குள் மட்டும் பார்க்கலாமா, வளாக வலையமைப்பில் பார்க்கலாமா, இணையத்தில் எவரும் பார்க்கலாமா? நினைவு மலர்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களும் உறவுகளும் இருக்கும். காணாமல் போனவர்களின் பெயரும் இருக்கக்கூடும். வன்னியில் அது சாதாரண விவரம் இல்லை. குடும்பம் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். உள்ளே மட்டும் பார்க்கும் பிரதியாக வைத்திருங்கள்.

மின்வருடுவதற்கு முன், 'நூலகம்' என்ற பெயர்கொண்ட நிறுவனத்தின், 2005 முதல் இயங்கும் எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே அங்கே இருந்தால் உழைப்பு மிச்சம். இல்லையென்றால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் வருடுங்கள். பதிப்புரிமையையும் கவனியுங்கள்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுவாக ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். பழையது என்பதால் மட்டும் ஒன்று பொதுச்சொத்து ஆகிவிடாது.

ஒன்பதாம் படி: எவற்றை வெளியிடக்கூடாது

நூல் திருப்பாதவர்களின் பெயர்ப் பட்டியலைக் கதவில் ஒட்டும் பழக்கம் இன்னும் இருந்தால் நிறுத்துங்கள். தனிப்பட்ட மின்னஞ்சல் போதும். யார் எதை வாசிக்கிறார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடைப்பட்ட விஷயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் நாகரிகம் பற்றிய கேள்வியாகவும் இல்லை. "அதிக நூல்களை இரவல் பெற்ற மாணவர்" என்று பரிசு கொடுப்பதானாலும் முதலில் அவரிடம் கேளுங்கள். வாசிப்பு மண்டபத்தில் மேசையில் தலைசாய்த்துத் தூங்குபவரின் படம் வேடிக்கைக்கும் வேண்டாம்.

பத்தாம் படி: பயன்பட்டதா என்று பாருங்கள்

முகநூல் விருப்பக் குறிகளை எண்ண வேண்டாம். அறிமுகப்படுத்திய நூல் அடுத்த மாதத்தில் எத்தனை தடவை இரவல் போனது என்பதைக் கோஹா சொல்லும். கருமபீடக் கொப்பியில் ஒரு கேள்வி குறைந்திருந்தால் அந்த அறிவித்தல் வேலை செய்திருக்கிறது. தொடர்ந்து மூன்று மாதம் எவரும் தொடாத பகுதியை மடலிலிருந்து எடுத்துவிடுங்கள், அது உங்களுக்கு மிகப் பிடித்த பகுதியாக இருந்தாலும்.

பதினோராம் படி: சேமிப்பும் கையளிப்பும்

ஒவ்வொரு இதழுக்கும் தொடர் எண்ணும் மாதமும் ஆண்டும் இடுங்கள். பிடிஎஃப் பிரதியைப் பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் சேருங்கள். டிஸ்பேஸ் போன்ற மென்பொருளில் அதற்கென ஒரு தொகுப்பைத் திறப்பது சில நிமிட வேலை. அச்சிட்ட பிரதி இரண்டை உள்ளூர் ஆவணப் பகுதியில் வையுங்கள்.

நடத்துபவர் இடமாற்றம் பெற்றுப் போவதாலும் மாணவர் பட்டம் பெற்றுப் போவதாலும்தான் பல மடல்கள் நின்றுபோகின்றன. வட்ஸ்அப் குழுவுக்கு எப்போதும் இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது நிரந்தர உத்தியோகத்தராக இருக்க வேண்டும். கணக்குகளைத் தனிப்பட்ட மின்னஞ்சலில் திறக்காமல் நூலகத்தின் அலுவலக மின்னஞ்சலில் திறவுங்கள். மாதிரி அறிவித்தல்கள், மும்மொழிச் சொற்பட்டியல், கோஹா அறிக்கையின் பெயர், மேசைவாரியாகக் கேட்க வேண்டியவர்களின் பதவிகள் ஆகியவற்றை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி, கருமபீடக் கொப்பியின் முன்னட்டைக்குள் ஒட்டிவிடுங்கள். புதிதாக வருபவர் முதல் இதழைத் தயாரிக்கும்போது பழையவர் பக்கத்தில் இருந்தால் போதும். இரண்டாவது இதழை அவரே தனியாகப் போடட்டும்.